இரு பக்கமும் தீட்டிய துணி: போர்த்துகீசியப் பவனிக் கொடி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

போர்த்துகலின் உள்நாட்டுப் பகுதியான பெய்ராவில் ஒரு சிறிய மலையூர். அங்குள்ள மிசெரிகோர்தியா அறச்சபையின் ஆலயத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஓவியம் ஒன்றைச் சீரமைத்த வேலையின் முழுப் பதிவு இது. ஊர், சபை, வேலையில் ஈடுபட்டோர் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். இந்த வேலையில் துணி ஆய்வு என் பொறுப்பு. வண்ணத்தைப் பற்றியும் ஓவியரைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், அந்த வண்ணத்தை நானூறு ஆண்டுகளாகத் தாங்கி நிற்கும் துணியைப் பற்றி ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். இந்த ஓவியத்தின் கதி முழுவதையும் தீர்மானித்தது அந்தத் துணிதான்.

பின்னணி: சபையும் அதன் கொடியும்

மிசெரிகோர்தியா சபைகளில் முதலாவதை 1498-இல் லிஸ்பனில் அரசி லியோனோர் தொடங்கிவைத்தார். நோயாளிகளைக் கவனிப்பது, கைதிகளுக்கு உதவுவது, இறந்தவர்களை அடக்கம் செய்வது முதலான பதினான்கு இரக்கச் செயல்கள் சபையாரின் கடமை. போர்த்துகீசியர் போன இடமெல்லாம் சபையும் உடன் போனது. கோவா, கொச்சி, கொழும்பு, நாகப்பட்டினம் ஆகிய ஊர்களிலும் அது இயங்கியிருக்கிறது. ஒவ்வொரு சபைக்கும் ஒரு கொடி உண்டு. சவ ஊர்வலத்திலும், ஈஸ்டருக்கு முந்திய வியாழனான பெரிய வியாழன் இரவுப் பவனியிலும் அதுதான் முன்னே செல்லும்.

கொடி என்றாலும் இது காற்றில் பறப்பதல்ல. துணியை மரச்சட்டத்தில் இழுத்துப் பொருத்தி, நீளமான கம்பில் ஏற்றித் தலைக்கு மேலே தூக்கிச் செல்வார்கள். எதிரே நிற்பவர்களும் பின்னால் நடந்து வருபவர்களும் பார்க்க வேண்டும் என்பதால் இரு பக்கமும் படம் தீட்டுவது வழக்கம். ஒரு பக்கம் மேலாடையை விரித்து எல்லா நிலை மக்களையும் காக்கும் இரக்கத்தின் மாதா. மறுபக்கம் பெரும்பாலும், இறந்த இயேசுவை மடியில் ஏந்திய வியாகுல மாதா.

எங்களிடம் காட்டப்பட்டது இரக்கத்தின் மாதா மட்டுமே. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான ஓவியம். ஆலயத்தின் பக்கச் சுவரில், சாதாரணப் பலிபீட ஓவியம்போல மாட்டியிருந்தது. வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்து கீழே விழத் தொடங்கியதும் சபைத் தலைவர் சீரமைப்பாளரை அழைத்தார். அவர் கேட்டது மிக எளிமையானது: உதிர்வதை நிறுத்த வேண்டும், முகங்களைத் தெளிவாக்க வேண்டும், பெரிய வியாழனுக்கு முன் திருப்பித் தர வேண்டும்.

போர்த்துகலில் கித்தான் (ஓவியத் துணி) வந்த வழி

பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துகீசிய ஓவியம் என்றாலே மரப்பலகைதான். லிஸ்பன் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள புனித வின்சென்ட் ஓவியங்கள் ஆறும் ஓக் பலகையில் தீட்டப்பட்டவை. வடக்கே பால்டிக் கரையிலிருந்து ஓக் பலகைகள் கப்பலேறி வந்தன. வீசேவு பகுதியில் உள்நாட்டுச் செஸ்ட்நட் மரத்தையும் பயன்படுத்தினார்கள். பலிபீட ஓவியங்களில் துணி பரவலாக இடம்பிடித்தது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினேழாம் நூற்றாண்டிலும்தான். லிஸ்பன் புனித ரோக் ஆலயத்தின் திருப்பொருள் அறையில் பிரான்சிஸ் சவேரியாரின் வாழ்க்கையைச் சொல்லும் இருபது கித்தான் ஓவியங்கள் உண்டு. முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணி செய்த அதே சவேரியார்தான். அந்தத் தொடரை ஆந்த்ரே ரெய்னோசு 1619-ஐ ஒட்டித் தீட்டினார். அந்த நேரத்தில் கித்தான் அங்கே நிலைபெற்றுவிட்டது.

ஆனால் கொடிகளின் கதை வேறு. தோளில் சுமக்க வேண்டிய பொருளுக்குப் பலகை ஆகாது. எனவே பலிபீடங்கள் மரத்தில் இருந்த காலத்திலேயே கொடிகள் துணியில் இருந்தன. ஆலயச் சுவர்களுக்குத் துணி ஓவியம் வருவதற்கு முன்பே பவனிகளில் துணி ஓவியம் தெருவில் நடந்துகொண்டிருந்தது என்பதைக் கலை வரலாறு போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

துணிக்குப் பஞ்சமில்லை. மின்யோ பகுதியில் வீட்டுக்கு வீடு ஆளிச்செடி நாரில் நூல் நூற்றுத் தறியில் நெய்தார்கள். வில்லா தொ கோந்தியின் பாய்மரத் துணி பெயர்பெற்றது. கயிறுக்கும் பாய்க்கும் வேண்டிய, சணல்போன்ற ஹெம்ப் நார் மோன்கோர்வு பக்கம் விளைந்தது. கடலோடிகளின் நாடு என்பதால் வலுவான நார்த்துணியை நெய்யும் கை எங்கும் இருந்தது. ஓவியர்கள் தங்களுக்கென்று தனித் துணி நெய்யச் சொல்ல வேண்டியிருக்கவில்லை; சந்தையில் கிடைத்த மேசைவிரிப்புத் துணி, படுக்கைத் துணி, பாய்த்துணி ஆகியவற்றிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

துணியில் அடிப்பூச்சு போடும் முறைக்கு எழுத்துச் சான்று 1615-இல் லிஸ்பனில் அச்சான பிலிப்பே நூனெஸின் கையேடு. கையுறைக்கான மெல்லிய தோலின் வெட்டுத்துண்டுகளைக் காய்ச்சி எடுத்த பசையை முதலில் துணிக்கு ஊட்ட வேண்டும். அதன் மேல்தான் எண்ணெய் கலந்த பூச்சு. எண்ணெய் நேரடியாக நாரில் பட்டால் நார் கருகிப் பொடியும், அதைத் தடுப்பது இந்தப் பசைதான். அண்டை நாடான ஸ்பெயினில் செவிய்யா நகரத்து ஓவியர் பச்சேக்கோ, 1649-இல் வெளியான தம் நூலில் மாவுக்கூழ்ப் பூச்சை நம்பவில்லை. ஈரம் பட்டால் அது கெட்டுப்போகும், வண்ணம் பெயர்ந்துவிடும் என்று எச்சரித்து, தம் ஊர்க் களிமண் பூச்சையே சிறந்தது என்றார். மாவுக்கூழ் பற்றிய அந்த எச்சரிக்கை இந்த ஓவியத்தின் விஷயத்தில் மீண்டும் வரும்.

முதலில் பார்த்தவை

ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கித் திருப்பியபோது பின்புறம் தடித்த பருத்தித் துணி ஒன்று தெரிந்தது. பழைய ஓவியங்களுக்குப் பலம் கொடுக்கப் பின்னால் புதுத் துணி ஒட்டுவது ஐரோப்பா எங்கும் இருந்த வழக்கம். கோதுமை மாவையும் வஜ்ஜிரத்தையும் சேர்த்துக் காய்ச்சிய கூழைத் தடவி, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி ஒட்டுவார்கள். இங்கும் அதுவே நடந்திருந்தது. துணியும் சட்டகமும் இயந்திரத்தில் செய்தவை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வேலை என்று மதிப்பிட்டோம்.

முன்பக்கத்தில் வண்ண உதிர்வு ஒழுங்கற்று இருக்கவில்லை. கீழ் ஓரத்தில் பட்டையாகவும், நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோட்டிலும், இடது பக்கத்தில் ஒரு முழம் நீளத்துக்கு எல் வடிவிலும் உதிர்ந்திருந்தது. கீழ் ஓரம் சுவரின் ஈரம் ஏறிய இடம். எல் வடிவம் பழைய கிழிசல். நடுக்கோடு துணி இணைப்பின் தையல்.

பெய்ராவின் கோடை வறண்டது, குளிர்காலம் நனைந்தது. விலங்குப் பசை வறட்சியில் சுருங்கி எல்லாவற்றையும் தன் பக்கம் இழுக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறி எண்பது விழுக்காட்டைத் தாண்டும்போது பசை தளர்ந்து, நூல்கள் வீங்கி, துணி சுருங்கத் தொடங்கும். ஓவியத்தில் ஏற்கெனவே இருந்த பசையோடு, பின்துணிக்காகத் தடவிய கூழும் சேர்ந்துகொண்டது. ஆண்டுக்கு ஆண்டு இந்த இழுப்பும் தளர்வும் மாறி மாறி நடந்ததில் வண்ணம் அடிப்பூச்சோடு பெயர்ந்தது. நாங்கள் வந்த நேரத்தில் கீழ்ப்பகுதி தொப்பையாகத் தொங்கியது.

இதுவரை எல்லாம் எதிர்பார்த்தவைதான். இரண்டு விஷயங்கள் மட்டும் பொருந்தவில்லை.

ஓவியத்துக்குப் பின்னால் வலுவான விளக்கை வைத்துப் பார்த்தோம். வண்ணம் போன இடங்களிலாவது துணியின் வழியே வெளிச்சம் ஊடுருவ வேண்டும். பின்துணியின் இழைகளுக்கு நடுவே ஒளி கசிய இடம் இருந்தும், அது எங்கும் வரவில்லை. நடுவில் ஏதோ ஒன்று ஒளியை முழுவதும் மறைத்தது.

அடுத்தது நடுத் தையல். சாதாரண ஓவியத்தில் இரண்டு துணிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்து, மிஞ்சும் விளிம்பைப் பின்பக்கம் தள்ளிவிடுவார்கள். முன்பக்கம் வழவழப்பாக இருக்கும், பின்பக்கம் ஒரு மடிப்பு இருக்கும். இங்கே விளிம்பு மடிப்பே இல்லை. இரண்டு துணிக்கரைகளையும் ஒட்டி நிறுத்தி, கரையோடு கரையாக நெருங்கிய தையலால் கோத்திருந்தார்கள். கை வலிக்கும் வேலை அது. பின்பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்றால் எந்தத் தையற்காரரும் இவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்ள மாட்டார்.

எக்ஸ்ரேயும் ஒரு மூதாட்டியும்

தலைமைச் சீரமைப்பாளர் வேலையை நிறுத்தி எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்தார். ஈயத்திலிருந்து செய்யும் வெள்ளை வண்ணமான ஈய வெள்ளை எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். படத்தில் மாதாவின் முகமும் விரிந்த மேலாடையும் தெரிந்தன. அந்த மேலாடைக்குக் குறுக்கே, அதற்குக் கொஞ்சமும் தொடர்பில்லாமல், படுத்த நிலையில் ஓர் ஆண் உடல் கிடந்தது. விலாவும், தொங்கும் கையும், பின்னால் சாய்ந்த தலையும் தெளிவாக இருந்தன.

பழைய ஓவியத்தின் மேல் புதிய ஓவியம் தீட்டுவதும் உண்டு என்பதால் உடனே முடிவுக்கு வரவில்லை. உதிர்ந்த இடத்தின் ஓரத்திலிருந்து குண்டூசித் தலையளவு துணுக்கை எடுத்து, பிசினில் பதித்து, மெருகிட்டு, நுண்ணோக்கியில் குறுக்குவெட்டைப் பார்த்தோம். மேலே வார்னிஷ், வண்ணம், செம்பழுப்பு அடிப்பூச்சு, அதன் கீழ் நார். நாருக்குக் கீழேயும் அதே செம்பழுப்பு அடிப்பூச்சு, அதன் கீழ் கருநீல வண்ணம், அதன் கீழ் பழுத்த தடித்த வார்னிஷ், அதன் பிறகே மாவுக்கூழ். துணியின் இரு பக்கமும் ஓவியம் இருந்தது. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றின் மேல் கூழ் பூசி ஒட்டியிருக்கிறார்கள்.

சபையின் ஆவண அறையில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருள் பட்டியல் ஒன்று இருந்தது. "இரு முகத்திலும் தீட்டிய கொடி ஒன்று, பழையது" என்று அதில் எழுதியிருந்தது. கொடி தொலைந்துவிட்டதாகவே சபையார் நினைத்திருந்தார்கள். ஆலயத்தில் நெடுங்காலம் பூ வைத்து வந்த மூதாட்டி ஒருவரிடம் சபைத் தலைவர் விசாரித்தபோது, "மறுபக்கம் ஆண்டவர் மாதா மடியில் கிடப்பாரே, நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன்" என்றார் அவர். அதுவரை அவரை யாரும் கேட்டதில்லை.

பின்துணி ஒட்டியவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கிழிந்து தொங்கிய துணியை அன்று தெரிந்த ஒரே வழியில் காப்பாற்றினார். பின்துணி ஒட்டுவதையே கேள்விக்கு உட்படுத்திய கிரீனிச் மாநாடு நடந்தது 1974-இல்தான். சூடும் ஈரமும் இல்லாமல் ஒட்டும் முறையை ஆம்ஸ்டர்டாமில் இந்தியரான விஷ்வ மெஹ்ரா வளர்த்ததும் அந்தப் பத்தாண்டில்தான். கூழைத் தடவியவர் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று: மறுபக்கம் ஓவியம் இருக்கிறது என்று சட்டகத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதிவைக்கவில்லை.

துணியை வாசித்தல்

நார் எது என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒற்றை நாரை நனைத்து, நுனி நம்மைப் பார்க்கும்படி பிடித்து, சூடான தகட்டின் மேல் உலர விட வேண்டும். ஆளிநார் உலரும்போது கடிகார முள் திசையில் சுழலும். ஹெம்ப் எதிர்த்திசையில் சுழலும். பழைய நாரில் இந்தச் சோதனை சில நேரம் தடுமாறும் என்பதால் முனைவுற்ற ஒளியிலும் பார்த்தோம். பாவு நூலும் ஊடு நூலும் ஆளிநார்தான். பாவு நன்றாகச் சீவிய நீள்நாரில் நூற்றது. ஊடு, சீவும்போது கழிந்த குட்டைநாரில் நூற்றது. தடிப்பும் மெலிவுமாக, இடையிடையே செடித்தண்டின் சிம்புகளோடு இருந்தது. பாவுக்கு நல்ல நூல், ஊடுக்குக் கழிவு நூல் என்பது வீட்டுத் தறியின் சிக்கனம். பாவும் ஊடும் ஒன்றுவிட்டு ஒன்று போகும் எளிய நெசவு. எல் கிரேக்கோவைப் போன்ற ஓவியர்கள் கட்டம் போட்ட மேசைவிரிப்புத் துணியை விரும்பி எடுத்தார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை.

ஓரங்களில் நூல்கள் அலை அலையாக வளைந்திருந்தன. துணியைச் சட்டத்தில் ஆணி அல்லது கயிறு கொண்டு இழுத்துப் பசை ஊட்டும்போது இழுத்த இடத்தில் நூல் வெளிப்பக்கமாக வளையும். பசை உலர்ந்ததும் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். பிற்காலத்தில் ஓவியத்தை வெட்டிச் சிறிதாக்கியிருந்தால் இந்த அலை காணாமல் போகும். இங்கே மூன்று ஓரங்களில் அலை இருந்தது, கீழ் ஓரத்தில் இல்லை. கீழே ஒரு பட்டை வெட்டப்பட்டிருக்கிறது. சுவரின் ஈரத்தில் அழுகிய பகுதியை அறுத்துவிட்டுப் பின்துணி ஒட்டியிருக்க வேண்டும்.

காலத்தைக் கணிக்கத் துணி மட்டும் போதாது. முன்பக்கத்தில் மாதாவின் மேலாடைக்குள் ஒரு திரித்துவ சபைத் துறவி நிற்கிறார், அவர் அருகே எப், எம், ஐ என்ற மூன்று எழுத்துகள். மிசெரிகோர்தியாவைத் தொடங்கியதில் பங்குள்ளவராக அந்தத் துறவியர் சபை உரிமை கோரிய மிகேல் என்ற துறவியைக் குறிப்பவை அவை. கொடிகளில் இப்படித் தீட்ட வேண்டும் என்று 1627-இல் அரச ஆணை வந்தது. எழுத்துகளின் வழியே ஓடிய வெடிப்பும் சுற்றியுள்ள வண்ணத்தின் வெடிப்பும் ஒன்றாகத் தொடர்ந்ததால், அவை பின்னால் சேர்த்தவை அல்ல என்று தெரிந்தது. ஆகவே 1627-க்குப் பிந்திய கொடி என்று கொள்வதே பொருத்தம்.

இரு பக்கமும் ஒரே அடிப்பூச்சு போட்டிருந்தது எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒரு பக்கம் மட்டும் தீட்டிய துணி அந்தப் பக்கமாகச் சுருளப் பார்க்கும். இரு பக்கமும் சமமாகப் பூசினால் இழுப்பும் சமமாகிவிடும். வெற்று நார் எந்தப் பக்கமும் காற்றுபடாததால் ஈரமும் மெதுவாகவே புகும். மழையில் தெருவில் போக வேண்டிய பொருளுக்கு இது சரியான கட்டுமானம். மாவுக்கூழும் பருத்தித் துணியும் ஒரு பக்கத்தில் மட்டும் சேர்ந்ததால் அந்தச் சமநிலை குலைந்தது. ஓவியத்தின் நோய்க்கு முதற்காரணம் இதுவே என்பது என் அறிக்கையின் முடிவு.

எடுத்த முடிவும் அதன் காரணங்களும்

மூன்று வழிகள் இருந்தன. பின்துணியைத் தொடாமல் முன்பக்க வண்ணத்தை மட்டும் ஒட்டி நிலைப்படுத்துவது முதலாவது. செலவு குறைவு, ஆபத்தும் குறைவு. ஆனால் நோய்க்குக் காரணமான கூழ் உள்ளேயே இருக்கும். பின்துணியை எடுத்துவிட்டு, மறுபக்க ஓவியம் தெரியும்படி ஒளி ஊடுருவும் செயற்கை இழைத் துணியை ஒட்டுவது இரண்டாவது. பலம் கிடைக்கும், ஆனால் வியாகுல மாதா நிரந்தரமாக ஒரு மூடுபனிக்குள் இருப்பார், மீண்டும் ஒரு பக்கத்தில் மட்டும் சுமை ஏறும். மூன்றாவது, பின்துணியை எடுத்து, எதையும் ஒட்டாமல், கிழிசலை நூல் நூலாக இணைத்து, ஓரங்களுக்கு மட்டும் பட்டை கொடுத்து, இரு பக்கமும் திறந்திருக்கும் சட்டகத்தில் ஏற்றுவது.

மூன்றாவதுக்கு ஒரு நிபந்தனை: கொடி இனிப் பவனிக்குப் போகக் கூடாது. நூலோடு நூல் ஒட்டிய துணி சட்டகத்தில் அமைதியாக நிற்கும். கம்பின் மேல், காற்றில், கல் பாவிய தெருவில் ஒவ்வோர் அடிக்கும் அதிரும்போது நிற்காது.

இந்த நிபந்தனையில்தான் சபையோடு நீண்ட பேச்சு நடந்தது. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. தொலைந்ததாக நினைத்த கொடி கிடைத்திருக்கிறது. கிடைத்த அன்றே அதைத் தூக்கக் கூடாது என்றால் யாருக்குத்தான் மனம் ஒப்பும்? எங்கள் சபையின் முன்னோர் அடக்கத்துக்கு முன்னே போன கொடி இது, அருங்காட்சியகப் பொருள் அல்ல என்றார் சபையில் மூத்தவர் ஒருவர். பெரிய வியாழனும் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைமைச் சீரமைப்பாளர் வாதம் செய்யவில்லை. ஓவியத்தைக் கிடத்தி, அழுகிய ஓரத்திலிருந்து ஏற்கெனவே விலகித் தொங்கிய ஒரு நூலை எடுத்து அந்தப் பெரியவர் கையில் கொடுத்து, இழுத்துப் பார்க்கச் சொன்னார். இழுக்கவே தேவையிருக்கவில்லை, விரலிடுக்கில் பொடிந்தது. பவனிக்கு இரு பக்கமும் தீட்டிய படி (நகல்) ஒன்றைச் செய்யச் சபை ஒப்புக்கொண்டது. அவசரப்படுத்துவதில்லை என்றும், அந்த ஆண்டுப் பவனி கொடியில்லாமல் போகட்டும் என்றும் அவர்களே முடிவு செய்தார்கள்.

பின்துணியைப் பிரித்தல்

முன்பக்க வண்ணத்தை மீன்பசையால் நிலைப்படுத்தி, ஜப்பானிய மெல்லிய தாளால் மூடி, ஓவியத்தை முகம் கீழாகக் கிடத்தினோம். பருத்தித் துணியைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் தரையோடு தரையாக, தன்மேலேயே மடித்து உரித்தெடுத்தார்கள். மேல்நோக்கி இழுத்தால் வண்ணமும் சேர்ந்து வரும்.

மிஞ்சிய கூழ் பழுப்பு ஓடாக இறுகியிருந்தது. அதை நீரில் ஊறவைத்துத் துடைத்தால் வேலை சீக்கிரம் முடியும், ஓவியமும் சீக்கிரம் முடியும்: ஈரம் வெடிப்புகள் வழியே உள்ளே போய் முதல் பசையையே கரைத்துவிடும். எனவே குறைந்த நீரைப் பிடித்துவைக்கும் கெட்டியான ஜெல்லை உள்ளங்கையளவு இடத்தில் வைத்து, கூழின் மேல்தோல் மட்டும் இளகியதும் எடுத்துவிட்டு, நுண்ணோக்கியின் கீழ் மழுங்கிய கத்தியால் சுரண்டினார்கள். இளகிய கூழிலிருந்து பழைய மாவின் புளித்த வாடை வந்தது.

இங்கே எதிர்பாராத துணை ஒன்று கிடைத்தது. மறுபக்க ஓவியத்துக்கு யாரோ பிற்காலத்தில் தடிப்பாக வார்னிஷ் பூசியிருந்தார்கள். பிசின் வார்னிஷ் நீரில் கரையாது. கூழுக்கும் வண்ணத்துக்கும் நடுவே அது தடுப்பாக நின்றிருக்கிறது. வார்னிஷ் முழுதாக இருந்த இடங்களில் கூழ் தகடு தகடாகப் பிரிந்து வந்தது. மாதாவின் கருநீல மேலாடையும் இயேசுவின் மார்பும் அப்படித்தான் பிழைத்தன. வார்னிஷ் தேய்ந்த இடங்களில் கூழ் வெடிப்புகளுக்குள் புகுந்து இறுகி, வண்ணத் துணுக்குகளை நிமிர்த்தியிருந்தது. இயேசுவின் கால் பகுதியும் பின்னணி மலையும் பெருமளவு போய்விட்டன. அவற்றைத் திரும்பத் தீட்டவில்லை. அடிப்பூச்சின் செம்பழுப்பை ஒத்த மங்கிய நிறத்தால் மட்டும் இழப்புகளை நிரப்பினோம்.

கிழிசலை இணைத்தல்

கிழிசலின் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று தொடவில்லை. கிழிந்த துணி சுருங்குவதால் வாய் திறந்துகொள்ளும். ஜெர்மனியின் வின்பிரீட் ஹைபர் வகுத்த முறையில், கிழிசலின் குறுக்கே சிறிய இழுகருவிகளைப் பொருத்தி, விளிம்புகளை மிக மெதுவாக அருகே கொண்டுவந்தார்கள். முடியளவு அசைத்துவிட்டு, துணி இசையும்வரை காத்திருந்து, மீண்டும் அசைப்பது.

பிறகு ஒவ்வொரு நூலுக்கும் அதன் சோடியைக் கண்டுபிடிக்க வேண்டும். நுண்ணோக்கியின் கீழ் பார்த்தால் அறுந்த நூல்கள் குச்சம்போல விரிந்து, பின்னிக் கிடக்கும். ஊசியால் பிரித்து, சற்று ஈரம் காட்டி, நூலை அதன் பழைய முறுக்கின் திசையிலேயே திரும்ப முறுக்கி, பாவைப் பாவோடும் ஊடை ஊடோடும் மேலும் கீழுமாக நெசவுக்குள் நுழைத்து, நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் ஒரு துளிப் பசை. பசை ஸ்டர்ஜியன் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்ததும் கோதுமை மாப்பொருளும் சேர்ந்த கலவை. சூடான ஊசிமுனையால் தொட்டால் உடனே பிடித்துக்கொள்ளும். நூல் குறைந்த இடங்களில் புதிய ஆளிநூலை இடையில் கோத்தார்கள். ஊடு நூலின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறியதால் சோடி தேடுவது எளிதாயிற்று. மலிவான நூலின் ஒழுங்கின்மையே அடையாளமாக உதவியது.

நடுத் தையலைப் பிரிக்கவில்லை. மூன்று இடங்களில் மட்டும் அறுந்திருந்த பழைய தையல்நூலுக்குத் துணையாகப் புதிய இழை சேர்த்தோம். நான்கு ஓரங்களிலும், ஆணித் துருவால் தின்னப்பட்ட பகுதியைத் தாண்டி, மெல்லிய பாலியெஸ்டர் துணிப் பட்டையைப் பேவா என்ற வெப்ப ஒட்டுப் படலத்தால் பொருத்தினோம். சூடுபடுத்தினால் திரும்ப எடுத்துவிடலாம். பட்டை முழுவதும் சட்டத்தின் மறைவுக்குள் அடங்கிவிடும்.

பிறகு நடந்தவை

கொடி இப்போது அதே ஆலயத்தில், சுவரிலிருந்து விலக்கி, தனித்து நிற்கும் சட்டகத்தில் இருக்கிறது. இரு பக்கமும் கண்ணாடி. சுற்றி நடந்து பார்க்கலாம். அடுத்த ஆண்டுப் பெரிய வியாழனுக்குப் புதிய படி தயாரானது. அதையும் ஆளிநார்த் துணியிலேயே, இரு பக்கமும் அடிப்பூச்சு போட்டு, கரையோடு கரை தைத்துச் செய்தார்கள். பழைய கொடிக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் பவனி புறப்பட வேண்டும் என்பது சபையார் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம்.

ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் கழிந்தபின் சோதித்தபோது கிழிசல் இணைப்பு அசையவில்லை, தொப்பையும் திரும்பவில்லை. மறுபக்கத்தில், கூழ் ஆழமாகப் புகுந்திருந்த கால் பகுதிக்கு அருகே, சில துணுக்குகள் மீண்டும் நிமிர்ந்திருந்தன. வெடிப்புக்குள் மிஞ்சிய கூழ் இன்னும் ஈரத்துக்கு அசைகிறது. அதை முழுவதும் எடுக்க வழியில்லை. அந்த இடம் மட்டும் இப்போது ஆண்டுதோறும் பார்க்கப்படுகிறது.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

எக்ஸ்ரே, செலவு மதிப்பீட்டுக்கு முன்பே வர வேண்டும். பின்துணி ஒட்டிய மிசெரிகோர்தியா ஓவியம் எதுவானாலும், மறுபக்கம் ஓவியம் இருக்கக்கூடும் என்ற அனுமானத்தோடுதான் தொடங்க வேண்டும். முதலில் போட்ட ஒப்பந்தம் ஒரு பக்க ஓவியத்துக்கானது. நடுவில் வேலை பல மடங்கு பெருகியபோது, சிறிய சபையான அவர்கள் கூடுதல் பணத்துக்கு அலைய நேர்ந்தது. ஆய்வுக்குத் தனி ஒப்பந்தம், சீரமைப்புக்குத் தனி ஒப்பந்தம் என்று பிரித்திருந்தால் அந்தச் சுமை குறைந்திருக்கும்.

ஆவண அறையையும் ஊர்ப் பெரியவர்களையும் தேடிப் போவதும் ஆய்வின் முதல் கட்டத்திலேயே இடம்பெற வேண்டும். மூதாட்டியின் ஒரு வாக்கியம் எங்களுக்கு எக்ஸ்ரேக்குப் பிறகு கிடைத்தது. அவருக்குப் பிறகு அதைச் சொல்ல ஊரில் வேறு யாரும் இல்லை.

பவனிக்குப் படி செய்யும் யோசனையைத் தடையாக முன்வைக்காமல் திட்டத்தின் பகுதியாகவே தொடக்கத்தில் சொல்ல வேண்டும். சபையார் மறுத்தது படியை அல்ல. கொடியைத் தங்களிடமிருந்து பிடுங்குகிறார்கள் என்ற எண்ணத்தை.

பிரித்த பருத்தித் துணியில் ஒரு பட்டையும், கூழின் துண்டும், அழுகிய ஓரத்தின் நூல்களும் உறையிலிட்டுச் சபையின் ஆவண அறையில் வைக்கப்பட்டிருக்கின்றன. நார் எது, நெசவு எது, தையல் எங்கே, எந்த ஓரம் வெட்டப்பட்டது என்பதும், இரு பக்கமும் ஓவியம் உண்டு என்பதும் சட்டகத்தின் கீழ்க்கட்டையிலேயே எழுதி ஒட்டப்பட்டுள்ளன. அதே ஆலயத்தின் திருப்பொருள் அறையில் இயேசுவின் பாடுகளின் காட்சிகள் தீட்டிய சிறு கொடிகள் சில சுருட்டிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்கும் முன் எப்படிப் பதிவு செய்வது என்று இப்போது சபையே ஓர் ஆளைப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறது.